பேர்ணிலும் ஜெனீவாவிலும் கிடக்கும் எமது கதை: இராசதந்திர ஆவணங்களைத் தேடுவது எப்படி?

எமது குடும்பத்துப் பெறாமகள் ஒருத்தி கிம்னாசியத்தின் இறுதி ஆண்டில் மத்தூரா ஆய்வுக்கட்டுரை எழுதத் தொடங்கினாள். ஈழத்தமிழர் சுவிசுக்கு வந்ததும், அப்போது பேர்ண் அரசு கொழும்போடு என்ன பேசியது என்பதும்தான் தலைப்பு. வீட்டில் கதை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. பெரியப்பா 1985இல் எந்த எல்லையால் எப்படி வந்தார் என்பதை மூன்று மணித்தியாலம் சொன்னார். மாமி ஒருத்தி முகாமில் கிடந்த காலத்தைச் சொன்னா. பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். இரண்டு கிழமையால் திரும்பி வந்து கேட்டாள்: "சித்தப்பா, நீங்கள் எல்லாரும் சொன்னதை எழுதிப்போட்டன். ஆனா அரசாங்கம் என்ன நினைச்சது எண்டதுக்கு மூல ஆதாரம் எங்க எண்டு ரீச்சர் கேக்கிறா. நான் என்னத்தைக் காட்டுறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் வாழ்கிறோம். ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் பனியிலும் மழையிலும் நின்றிருக்கிறோம். எம்மைப் பற்றி அரசுகள் எழுதி வைத்த தாள்கள் ட்ராமில் போய் இறங்கும் தூரத்தில் இருக்கின்றன என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்காகத் தேடத் தொடங்கிக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டிலும் இதே கேள்வியோடு ஒரு பிள்ளை நிற்கக்கூடும்.

மூல ஆவணம் என்றால் என்ன?

நடந்த காலத்தில், நடந்த காரியத்தோடு தொடர்புடையவர்கள் எழுதியது மூல ஆவணம். தூதுவர் தலைநகருக்கு அனுப்பிய தந்தி, அமைச்சருக்கு அதிகாரி எழுதிய குறிப்பு, ஒப்பந்தத்தின் வரைவு, கையெழுத்தான பிரதி, கூட்டக் குறிப்பு எல்லாம் இதில் அடங்கும். பின்னாளில் ஒருவர் எழுதிய வரலாற்று நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது இரண்டாம் நிலைதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் "இரகசிய ஆவணம்" எந்த நிலையிலும் சேராது. கோப்பு எண் இல்லாத தாளை நாங்கள் ஆவணம் என்று எடுப்பதில்லை.

ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கும்போது பிரதான உரையோடு நிற்கக்கூடாது என்பதற்கு எமது வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1987 யூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையை எமது மக்கள் வடக்குக் கிழக்கு இணைப்பு, மாகாண சபை, ஆயுதக் கையளிப்பு என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நாளில் இரு தலைவர்களும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு மாறாக எந்த நாட்டின் இராணுவமும் பயன்படுத்த விடக்கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களுடனான உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்பவை அந்தக் கடிதங்களில்தான் இருக்கின்றன. இணைப்பைப் படிக்காதவருக்கு டில்லி ஏன் அவ்வளவு அவசரப்பட்டது என்பது பாதிதான் விளங்கும்.

பேர்ண்: கூட்டாட்சி ஆவணக்காப்பகம்

சுவிஸ் வெளியுறவுக் கொள்கைக்கான முதல் வாசல் பேர்ண் நகரின் கிர்ஷன்ஃபெல்ட் பகுதியில், ஆர்ஷீவ்ஸ்ட்ராஸ 24ஆம் இலக்கத்தில் இருக்கிறது. புண்டெஸ்ஆர்ஷீவ் என்று டொச்சில் சொல்லப்படும் இந்தக் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 1798இலிருந்து அரசின் தாள்களைச் சேர்த்து வருகிறது. வெளியுறவுத் திணைக்களம், தூதரகங்கள், நீதி பொலிஸ் திணைக்களம், அகதிகள் விடயத்தைக் கையாண்ட அலுவலகங்கள் எல்லாம் தம் பழைய கோப்புகளை இங்கேதான் ஒப்படைக்கின்றன.

உள்ளே போக ஆய்வாளர் என்ற தகுதி வேண்டியதில்லை. குடியுரிமையும் கேட்பதில்லை. இணையத் தேடுதளத்தில் பெயரைப் பதிந்து கோப்புத் தலைப்புகளைத் தேடலாம். திறந்த கோப்பு என்றால் வாசிகசாலைக்கு வரவழைத்துப் பார்க்கலாம், அல்லது மின்வருடிப் பிரதி கேட்கலாம். தேடும்போது கவனிக்க வேண்டிய முதல் விடயம் பெயர்தான். 1972 மே 22 வரை நாட்டின் பெயர் சிலோன்; அதற்கு முந்திய கோப்புகளை ஸ்ரீலங்கா என்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பிரெஞ்சில் எழுதிய அதிகாரி தமிழரை "டமூல்" என்பார், டொச்சில் எழுதியவர் "டமிலன்" என்பார். இரண்டையும் அந்தந்த மொழி எழுத்துக்கூட்டில் தேட வேண்டும். பல கோப்புகளில் "தமிழர்" என்ற சொல் தலைப்பிலேயே இராது. "அகதிகள், ஆசியா" என்றோ "நாடு திருப்பி அனுப்புதல்" என்றோ "அரசியல் அறிக்கைகள், கொழும்பு" என்றோ இருக்கும்.

கோப்பு எண்களுக்கும் ஒரு முறை உண்டு. வெளியுறவுத் திணைக்களத்தின் மையக் கோப்புகள் "ஈ2001" என்ற எண்ணோடும், வெளிநாட்டுத் தூதரகங்கள் திருப்பி அனுப்பியவை "ஈ2200" என்ற எண்ணோடும் தொடங்கும். ஒரே விடயத்தை இரண்டு பக்கத்தாலும் பார்ப்பது நல்லது. கொழும்பிலிருந்து என்ன அனுப்பப்பட்டது என்பது ஒன்றில் இருக்கும், பேர்ணில் அதை யார் படித்தார், ஓரத்தில் பேனையால் என்ன எழுதினார் என்பது மற்றதில் இருக்கும். ஓரக் குறிப்பை ஒருபோதும் தவறவிடாதீர்கள். பல வேளைகளில் முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டிருக்கும்.

இனிப் பூட்டுப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998இன் ஆவணச் சட்டப்படி கோப்புகள் பொதுவாக 30 ஆண்டுகள் மூடியிருக்கும். ஆட்களின் பெயரால் அடுக்கப்பட்டு, அவர்களின் அந்தரங்க விபரங்களைக் கொண்ட கோப்புகளுக்கு 50 ஆண்டுகள். இந்தக் காலம் கோப்பில் உள்ள கடைசித் தாளின் திகதியிலிருந்து எண்ணப்படும் என்பது பலருக்குத் தெரியாது. 1983இல் திறந்த கோப்பு 1991 வரை நீண்டிருந்தால் அதற்குள் இருக்கும் 1983 யூலைத் தந்தியும் 2021 முடியும் வரை வெளியே வராது. பிள்ளைகள் "1983 திறந்துவிட்டது" என்று போய் ஏமாறுவது இதனால்தான்.

மூடிய கோப்பைப் பார்க்கவும் வழி உண்டு. பார்வை அனுமதிக்கு விண்ணப்பித்தால் அந்தக் கோப்பை ஒப்படைத்த திணைக்களம் அதைப் படித்து முடிவு சொல்லும். எதற்காகப் பார்க்கிறோம், எந்தக் காலம், எந்த விடயம் என்று ஒடுக்கி எழுதினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். "இலங்கை பற்றிய எல்லாம்" என்று கேட்டால் மாதக்கணக்கில் காத்திருந்து மறுப்புக் கடிதம்தான் வரும். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் ஆசிரியரின் கடிதம் ஒன்றையும் சேர்த்து, கட்டுரை ஒப்படைக்கும் நாளுக்கு அரை ஆண்டு முன்பே அனுப்பிவிட வேண்டும்.

டோடிஸ்: வீட்டிலிருந்தே படிக்கக்கூடியது

ஆவணக்காப்பகத்துக்குப் போகுமுன் டோடிஸ் என்ற தளத்தைத் திறவுங்கள். சுவிஸ் இராசதந்திர ஆவணங்களைப் பதிப்பிக்கும் ஆய்வு நிலையம் இது, 1972இல் தொடங்கியது. 1997இலிருந்து இணையத் தரவுத்தளமும் வைத்திருக்கிறது. வரலாற்றாளர்கள் காப்பகக் கோப்புகளைப் படித்து, முக்கியமானவற்றைத் தெரிந்து, குறிப்புகளோடு வெளியிடுகிறார்கள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் மாறாத இலக்கம் உண்டு. ஆட்கள், இடங்கள், நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் உண்டு. இலங்கை என்ற பக்கத்தைத் திறந்தால் அது தொடர்பாகத் தெரிந்தெடுத்த ஆவணங்கள் ஒரே நிரலில் வரும். எல்லாம் இலவசம்.

1990ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து ஒரு நல்ல வழக்கம் வந்திருக்கிறது. 30 ஆண்டுப் பூட்டுத் திறக்கும் அதே ஜனவரி 1ஆம் திகதி அந்த ஆண்டுக்குரிய தொகுதி வெளிவருகிறது. 1994க்கு உரியது 2025 புத்தாண்டில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் ஓர் இரவில் வெளியேறிய 1995 ஒக்டோபர் மாதத்துத் தாள்களின் 30 ஆண்டு 2025 முடிவோடு நிறைவடைந்தது. அந்த நாட்களில் கொழும்பிலிருந்து பேர்ணுக்கு என்ன எழுதப்பட்டது என்று தேடும் காலம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. டோடிஸ் ஒரு தெரிவு. பதிப்பாசிரியர்களுக்குச் சுவிசின் பெரிய விவகாரங்கள் முக்கியம்; ஐரோப்பிய ஒன்றியமும் வங்கிகளும் தென்னாபிரிக்காவும் அங்கே நிறைய இடம் பிடிக்கும். நாங்கள் அந்தப் பெரிய படத்தின் ஒரு மூலை. அங்கே கிடைக்காதது இல்லாதது என்று அர்த்தமாகாது. அடிக்குறிப்பில் உள்ள கோப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆவணக்காப்பகத்துக்குப் போனால் அந்த ஒரு தாளுக்குப் பின்னால் இருநூறு தாள் கிடக்கும்.

ஓர் உதாரணத் தேடல்: 1994 உடன்பாடு

நிராகரிக்கப்பட்ட தமிழரைத் திருப்பி அனுப்புவது பற்றி 1994இல் சுவிசும் இலங்கையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அந்தக் காலத்தில் எமது வீடுகளில் எத்தனை பேர் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கடினம். தபால்காரன் பதிவுத்தபாலோடு வந்தால் கதவைத் திறக்கப் பயந்தவர்கள் இருந்தார்கள். இந்த உடன்பாட்டை ஒரு பிள்ளை ஆராய விரும்பினால் எந்த ஒழுங்கில் போகலாம்?

முதலில் பகிரங்கமான தாள்கள். பாராளுமன்றத்தில் பேசப்பட்டவை "அம்ட்லிஷெஸ் புலட்டின்" என்ற அதிகாரபூர்வ ஏட்டில் 1891இலிருந்து சொல்லுக்குச் சொல் இருக்கின்றன. அரசின் அறிவிப்புகளும் சட்டமூலங்களுக்கான விளக்கவுரைகளும் 1849இலிருந்து "புண்டெஸ்பிளாட்" என்ற வர்த்தமானியில் இருக்கின்றன. இரண்டும் இணையத்தில் உண்டு. 1995 குளிர்காலக் கூட்டத்தொடருக்குப் பிந்திய கேள்விகளையும் பிரேரணைகளையும் பாராளுமன்றத் தளத்தில் "கூரியா விஸ்டா" என்ற பகுதியில் தேடலாம். ஒரு தேசிய அவை உறுப்பினர் எழுப்பிய கேள்விக்கு அரசு கொடுத்த எழுத்துமூலப் பதில், பல வேளைகளில் இரகசியக் குறிப்பைவிடப் பயன் தரும். ஏனென்றால் அதை எழுதுமுன் எல்லாத் திணைக்களமும் பார்த்துச் சம்மதித்திருக்கும்.

அடுத்தது பத்திரிகை. பிரெஞ்சு மொழிப் பகுதியின் ஜுர்னால் டு ஜெனேவ், கசெட் டு லோசான் இரண்டையும் 1998 வரை இலவசமாக இணையத்தில் படிக்கலாம். சுவிஸ் தேசிய நூலகம் நடத்தும் மின்பத்திரிகைக் காப்பகத்தில் பல மாநிலப் பத்திரிகைகள் உண்டு. வானொலி, தொலைக்காட்சிக்கு மெமோபாஸ் என்ற தளம். பத்திரிகையில் திகதி கிடைக்கும். அந்தத் திகதியைக் கொண்டு கோப்பில் எந்தக் கிழமையைத் தேடுவது என்று தெரியும். இப்படிப் போனால் ஆறு மாத வேலை ஆறு நாளில் முடியும்.

அதன் பிறகுதான் டோடிசும், வெளியுறவுத் திணைக்களக் கோப்பும், அகதிகள் அலுவலகக் கோப்பும். இரண்டு திணைக்களத்தின் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வெளியுறவுக்காரருக்குக் கொழும்போடு உறவு கெடக்கூடாது, மனித உரிமை பற்றியும் கேள்வி வரும்; நீதி பொலிஸ் திணைக்களத்துக்கு எண்ணிக்கை குறைய வேண்டும். "சுவிஸ் அரசு" என்று நாங்கள் ஒரே ஆளாக நினைப்பது உண்மையில் இரண்டு மூன்று அலுவலகங்களின் இழுபறி. கடைசியாக ஜெனீவாவில் ஐ.நா. அகதிகள் தூதரகத்தின் காப்பகம். அங்கே 20 ஆண்டு கடந்த பொதுக் கோப்புகளைப் பார்க்க விண்ணப்பிக்கலாம். தனியாட்களின் வழக்குக் கோப்புகளைத் தரமாட்டார்கள்.

இதன் தொடர்ச்சி அண்மைக் காலத்திலும் உண்டு. 2013இல் திருப்பி அனுப்பப்பட்ட இருவர் கொழும்பில் கைதானதும் சுவிஸ் திருப்பி அனுப்புவதை நிறுத்திவைத்தது. 2016 ஒக்டோபரில் மீளேற்பு ஒப்பந்தம் வந்தது, 2018 ஓகஸ்டில் குடிபெயர்வுக் கூட்டுறவுப் புரிந்துணர்வு. இவற்றுக்கான கோப்புகள் காப்பகத்துக்கு வர நாள் செல்லும். ஆனால் 2006 யூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பகிரங்கத்தன்மைச் சட்டத்தின் கீழ் குறித்த ஆவணத்தை நேரடியாக அலுவலகத்திடம் கேட்கலாம். வெளியுறவைப் பாதிக்கும் என்று சொல்லி மறுக்க அதிகாரம் உண்டு. கறுப்பு மை பூசிய பக்கங்களும் வரும். பூசியதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் படிக்கலாம்தானே.

நீதிமன்றத் தீர்ப்புகளையும் மறக்கக்கூடாது. சென்ட் காலனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2016 யூலை 15இல் வழங்கிய ஈ-1866/2015 என்ற தீர்ப்பு, எந்தத் தமிழருக்கு ஆபத்து உண்டு, எவருக்கு இல்லை என்று அளவுகோல் வகுத்தது. விடுதலைப் புலிகளுக்கான நிதி சேகரிப்புப் பற்றிய வழக்கில் பெலின்சோனா குற்றவியல் நீதிமன்றம் 2018 யூனிலும், லோசானில் உள்ள உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரிலும் தீர்ப்பளித்தன. புலிகளைக் குற்றவியல் அமைப்பாக இந்த நாட்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவில் கொள்ள முடியாது என்ற முடிவைப் பத்திரிகைத் தலைப்பில் படித்தவர்கள் ஆயிரம். முழுத் தீர்ப்பையும் படித்தவர்கள் சிலர்தான். முழுதும் இணையத்தில் கிடக்கிறது, பெயர்கள் மட்டும் மறைக்கப்பட்டிருக்கும்.

ஜெனீவா

ஐ.நா. ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. அது தெரிந்தால் எந்த மொழியிலும் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். 2015 செப்டெம்பரில் வந்த மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை "ஏ/எச்ஆர்சி/30/சிஆர்பி.2". 2006க்கு முந்திய மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தாள்கள் "ஈ/சிஎன்.4" என்று தொடங்கும்.

எமது விடயம் ஜெனீவாவுக்கு 2009இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பு யூலை நடந்து ஆறு கிழமையில், 1983 செப்டெம்பரில், ஆணைக்குழுவின் உபகுழு 1983/16 என்ற தீர்மானத்தை எடுத்தது. 1984இல் ஆணைக்குழு 1984/111 என்ற முடிவை எடுத்தது. 1987 மார்ச்சில் ஆர்ஜென்ரீனா கொண்டுவந்த 1987/61 தீர்மானம் வந்தது. இந்த மூன்றையும் 2009 மே 27இல் முள்ளிவாய்க்கால் முடிந்த கையோடு, இலங்கைக்குச் சாதகமாக நிறைவேறிய எஸ்-11/1 தீர்மானத்தோடும், 2012 மார்ச்சின் 19/2, 2015 ஒக்டோபரின் 30/1, 2021 மார்ச்சின் 46/1 ஆகியவற்றோடும் அடுக்கிப் படித்துப் பாருங்கள். சொற்கள் ஏறி இறங்குவது தெரியும். தீர்மானத்தோடு நிற்காமல் வாக்கெடுப்புக்கு முன் நாடுகள் கொடுத்த விளக்கத்தையும் கூட்டப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். அரசுசாரா அமைப்புகள் எழுத்தில் கொடுத்த அறிக்கைகளுக்கும் ஐ.நா. குறியீடு உண்டு. எமது அமைப்பாளர்கள் பலர் இரவிரவாக இருந்து எழுதிய தாள்கள் அவற்றில் அடக்கம். அவர்கள் வீட்டில் பிரதி இல்லாவிட்டாலும் அங்கே இருக்கும்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் காப்பகமும் ஜெனீவாவில்தான். 1996இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதன் பூட்டு நீளமானது: பொதுக் கோப்புக்கு 50 ஆண்டு, தனியாள் விபரம் உள்ளதற்கு 70 ஆண்டு. 1975 வரையான பகுதி திறந்திருக்கிறது, ஆகவே 1971 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தைத் தேடலாம். செஞ்சிலுவைக் குழு இலங்கையில் நிலையாக நின்று பணிபுரியத் தொடங்கியது 1989இல். அந்தக் கோப்புகளுக்கு 2040 வரை பொறுக்க வேண்டும். 2009இன் புதுமாத்தளன் நாட்களுக்கு 2060. அப்போது எங்களில் எவர் இருப்போம்? அதுவரை அவர்கள் அந்தந்த நாளில் வெளியிட்ட அறிக்கைகளும் ஆண்டறிக்கைகளும்தான் கைக்கு எட்டும்.

இதே கணக்கு 2006க்கும் உண்டு. அந்த ஆண்டு பெப்ரவரி 22, 23இல் ஜெனீவாவுக்கு அருகே செலினியில் உள்ள போசே மாளிகையில் அரசும் புலிகளும் பேசினார்கள். ஒக்டோபர் இறுதியில் மறுபடி ஜெனீவாவில். சுவிஸ் இடமும் வசதியும் கொடுத்த நாடு, அனுசரணையாளர் நோர்வே. 30 ஆண்டுக் கணக்கில் பேர்ணின் கோப்பு 2037இல்தான் திறக்கும். ஆனால் இரு தரப்பின் தொடக்க உரைகளும் கூட்டறிக்கையும் அந்தநாளிலேயே வெளியானவை. இரு தரப்பின் சமாதானச் செயலகத் தளங்களும் பின்னர் மறைந்துபோயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கும் இன்ரர்நெற் ஆர்க்கைவில் முகவரியைக் கொடுத்துத் தேட வேண்டும். நோர்வே 1997 முதல் 2009 வரையான தன் முயற்சியை மதிப்பிட்டு 2011இல் வெளியிட்ட அறிக்கை, அரசுக் கோப்புகளைப் பார்த்து எழுதப்பட்டது. அது ஒரு நல்ல வழிகாட்டி, நாங்கள் விரும்பாத வரிகள் அதில் இருந்தாலும்கூட.

மற்றத் தலைநகரங்கள்

லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசியக் காப்பகம் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். குடியேற்றக் காலத்துக்கு "சிஓ 54" வரிசை, பிந்திய தெற்காசிய விவகாரங்களுக்கு "எஃப்சிஓ 37". அங்கே 30 ஆண்டு விதி படிப்படியாக 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் 1978 முதல் 1980 வரையான இலங்கை பற்றிய ஏறத்தாழ 200 கோப்புகளை வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது என்பது 2018இல் வெளிவந்தது. பிரித்தானியாவின் பாதுகாப்பு ஆலோசனை கொழும்புக்குப் போன காலம் அது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். கியூவில் சத்தமில்லாமல் நடந்தது.

இந்தியாவில் சட்டப்படி 25 ஆண்டில் திறக்க வேண்டும், 1980களின் வெளியுறவுக் கோப்புகள் கைக்கு வருவது அரிது. அவ்தார் சிங் பாசின் தொகுத்த ஐந்து தொகுதிகள் 1947 முதல் 2000 வரையான இந்திய இலங்கை ஆவணங்களைத் தருகின்றன. 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையக மக்கள் 525,000 என்றும் 300,000 என்றும் எப்படிப் பங்கிடப்பட்டார்கள், மீதி 150,000 பேரின் விதி எப்படிப் பின்போடப்பட்டது என்று தேடுபவருக்கு அதுதான் தொடக்கம். இலங்கையில் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. நாட்டில் உள்ள உறவினர் ஒருவர் மூலம் கேட்டுப் பார்க்கலாம். எமது பக்கத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை விட்டால் வேறில்லை.

சொந்தக் கோப்பு

இனி வருவது ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. உங்கள் பெயரிலும் பேர்ணில் ஒரு கோப்பு இருக்கிறது, அல்லது இருந்தது. தஞ்சம் கோரியவருக்கு "என்" என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுத்தார்களே, அதுதான் அதன் சாவி. தன்னைப் பற்றிய விபரத்தைப் பார்க்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. குடிபெயர்வுச் செயலகத்துக்கு அடையாள அட்டைப் பிரதியோடு, என் இலக்கத்தையும் குறித்து ஒரு கடிதம் எழுதினால் போதும். பழைய கோப்புகள் எல்லாம் நிரந்தரமாக வைக்கப்படுவதில்லை என்பதால் பின்போடாமல் கேட்பது நல்லது.

கோப்பு வந்தால் அதில் விசாரணைப் பதிவு இருக்கும். 1986இலோ 1990இலோ ஒரு சிறிய அறையில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க, உங்கள் தகப்பன் சொன்னவை டொச்சில் தட்டச்சாகியிருக்கும். அதைப் பிள்ளைகள் படிக்குமுன் பெரியவர்களோடு இருந்து கதையுங்கள். பயணப்பாதை மாறியிருக்கும், வயது மாறியிருக்கும், ஊர்ப்பெயர் பிழைத்திருக்கும். அன்று சொல்ல முடியாமல் விட்டவையும் உண்டு, உயிருக்காகச் சேர்த்தவையும் உண்டு, மொழிபெயர்ப்பில் தொலைந்தவையும் உண்டு. எங்கள் வீட்டில் பெரியப்பாவின் கோப்பு வந்தபோது அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினார். இரண்டு நாள் கழித்துத்தான் "அந்தக் கேள்விக்கு நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று தொடங்கினார். அவர் அன்று சொன்னதை நாங்கள் கைபேசியில் பதிந்தோம். கோப்பும் பதிவும் சேர்ந்தபோதுதான் பிள்ளையின் கட்டுரைக்கு ஓர் அத்தியாயம் அமைந்தது. தூதரகத் தந்திக்கும் இதே பார்வைதான் வேண்டும்: யார் எழுதியது, யாருக்கு, யாரிடம் கேட்டு, எதைப் பெறுவதற்காக? கொழும்பில் விருந்தொன்றில் அமைச்சரிடம் கேட்டெழுதிய வரியை யாழ்ப்பாணத்தில் கண்டெழுதியதாக எடுக்கக்கூடாது.

இன்னொரு விடயம் மனதை உறுத்துகிறது. ஒரு நகரத்தில் தமிழ்ச் சங்கமொன்று இடம் மாறியபோது இருபது ஆண்டுக் கடிதங்கள், மகசர்கள், துண்டுப்பிரசுரங்கள் பெட்டி பெட்டியாகப் பழைய கடதாசிக்குப் போயின. அடுக்கிவைக்க இடமில்லை, வைத்தால் பொலிசுக்குப் பிரச்சினை வரும் என்ற பயமும் ஒரு பக்கம். 1989இல் சுவிஸ் பொலிஸ் ஏறத்தாழ 900,000 அட்டைகளில் ஆட்களைப் பதிந்து வைத்திருந்தது அம்பலமான நாடு இது; அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல மாட்டோம். என்றாலும், அரசு எங்களைப் பற்றி எழுதியது பேர்ணில் பத்திரமாக இருக்கிறது, நாங்கள் அரசுக்கு எழுதியதன் எமது பிரதி குப்பைக்குப் போகிறது. சூரிச்சில் 1906இல் தொடங்கிய சமூக ஆவணக்காப்பகம், சமூக இயக்கங்களின் தாள்களைப் பெற்றுப் பாதுகாக்கிறது. எந்த ஆண்டுவரை மூடிவைப்பது என்று கொடுப்பவர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மாநிலக் காப்பகங்களிடமும் கேட்கலாம். கொடுக்குமுன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். படங்களின் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனையால் வேண்டாம்.

பெறாமகளின் கட்டுரை வைகாசியில் ஒப்படைக்கப்பட்டது. அவள் கேட்ட மூடிய கோப்பு ஒன்றுக்கான அனுமதி அதற்கு மூன்று கிழமை பிந்தித்தான் வந்தது. விடுமுறையில் பேர்ணுக்குப் போவதாக இருக்கிறாள். பெரியப்பாவும் கூட வருவாராம்.